கிட்டியும் வாக்குமூலமும்: பூந்தமல்லி வழியே ஒரு சட்ட வரலாறு

பூவிருந்தவல்லி என்பதே மருவிப் பூந்தமல்லி ஆயிற்று என்பர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவ உலகம் இதனைப் போற்றும். ஆயினும் கடந்த முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் இவ்வூரின் பெயர் வேறொன்றின் அடைமொழியாகவே வந்துகொண்டிருக்கிறது: 'பூந்தமல்லி தனி நீதிமன்றம்'. அந்த நீதிமன்றத்தில் எழுந்த ஒரு வினாவின் வேர் 1855-ஆம் ஆண்டில் இருக்கிறது. அதனையே இங்கு நாம் தேடிச் செல்கிறோம்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் காவல்துறை என்று தனியே ஒன்று இல்லை. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி வரி தண்டும் தாசில்தாரே காவலுக்கும் தலைவர். கிஸ்தி கட்டாத குடியானவனை வதைத்த கைகளே திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவனையும் வதைத்தன. இக்கொடுமை 1854-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமர்ந்தது. குழு இருப்பதைக் கேள்விப்பட்ட மக்கள் தொலைதூர ஜில்லாக்களிலிருந்தெல்லாம் முறையிட வந்தனர்.

1855-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் தமிழ் மாணவர்களாகிய நம்மைத் திடுக்கிட வைப்பவை சில சொற்கள். விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி' அவற்றுள் ஒன்று. தலையைத் தாழ்த்திக் காலோடு பிணைத்து வெயிலில் நிறுத்துவது மற்றொன்று. ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடக்கும் அதன் பெயர் நம் 'அண்ணாந்தாள்' என்றே கருதலாம். இச்சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலே ஆங்கில அறிக்கையில் ஏறிவிட்டன. 1857-இல் கார்ல் மார்க்ஸ் 'நியூயார்க் டெய்லி டிரிபியூன்' இதழில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதியபோது அவருக்கு ஆதாரமானது இந்த அறிக்கைதான்.

அறிக்கைக்குப் பின் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். காவல் வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. காக்கிச் சட்டையின் நிர்வாகக் கதை இங்குத் தொடங்குகிறது. இரண்டாவது மாற்றமே நம் கட்டுரையின் மையம். காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்னும் விதி 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1872-இல் அது சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாயிற்று.

இவ்விதியின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'அடிக்காதே' என்று ஆணையிடுவது எளிது. அடைத்த கதவுக்குப் பின்னால் அவ்வாணையைக் கண்காணிப்பவர் எவர்? ஆகவே சட்டம் வேறு வழியில் சென்றது. அடித்துப் பெற்ற பொருளைச் செல்லாக்காசு ஆக்கியது. சாட்சியச் சட்டத்தை வரைந்த ஸ்டீஃபன், அனுபவம் மிக்க அதிகாரி ஒருவர் தம்மிடம் கூறியதைப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்: வெயிலில் அலைந்து சான்று தேடுவதைவிட, நிழலில் அமர்ந்து எளியவன் ஒருவன் கண்ணில் மிளகாய் இடுவது சுகமான வேலையாம். அந்தச் சோம்பலுக்கு வைத்த பூட்டே 25-ஆம் பிரிவு. கண்டெடுக்கப்படும் பொருள் தொடர்பான வாக்குமூலப் பகுதியை மட்டும் ஏற்கலாம் என்ற 27-ஆம் பிரிவு அப்பூட்டில் ஒரு துளையாக இருந்தது உண்மைதான். எனினும் பூட்டு நூறாண்டுக்கு மேல் நின்றது.

அதனைத் திறந்தது 1987-ஆம் ஆண்டின் தடா சட்டம். காவல் கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரி பதியும் வாக்குமூலம் செல்லும் என்றது அதன் 15-ஆம் பிரிவு. 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைப் பெரும்பான்மையால் ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் நெல்லைச் சீமையின் இரத்தினவேல் பாண்டியன். ஐவருள் இருவர் இப்பிரிவை ஏற்கவில்லை.

1991 மே 21 அன்று, பூந்தமல்லிக்கு மேற்கே அதே நெடுஞ்சாலையில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவருடன் மேலும் பலர் மடிந்தனர். அவ்வழக்கைப் பூந்தமல்லி தடா நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குள் விசாரித்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் 17 பேரின் வாக்குமூலங்கள் வழக்கின் தூண்களாக நின்றன. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அன்று எனக் கூறி 19 பேரின் விடுதலைக்கு வழிசெய்தது. ஆனால் தடாவின் கீழ் பெற்ற வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் செல்லும் என்றது. நால்வரின் மரண தண்டனை நிலைத்தது; மூவரின் மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. சட்டம் பொருந்தாது, அச்சட்டத்தால் விளைந்த சான்று மட்டும் பொருந்தும் என்ற விந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2013-இல் இன்னொன்று வெளிப்பட்டது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிந்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராசன், ஓய்வுக்குப் பின் மனம் திறந்தார். பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். இங்குக் கிட்டியும் இல்லை, மிளகாயும் இல்லை. ஒரு வாக்கியம் விடுபட்டது, அவ்வளவே. கைதானபோது 19 வயதாயிருந்தவர் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் தனி அதிகாரத்தால் விடுதலையானார். அது அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்த தீர்ப்பன்று என்பதையும் நாம் மறைக்கலாகாது.

தடா 1995-இல் காலாவதியாயிற்று. அதே விதியைத் தாங்கி வந்த 2002-ஆம் ஆண்டின் பொடா 2004-இல் நீங்கியது. பழைய 25-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவாக வாழ்கிறது. அது மட்டும் போதுமா? 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் வதைபட்டு மாண்டது எந்த வாக்குமூலத்துக்காகவும் அன்று. வெறும் அதிகாரச் செருக்குக்குச் சாட்சியச் சட்டத்தில் மருந்தில்லை.

ஆயினும் இருக்கும் பூட்டை இழக்கலாகாது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் ஏற்ற பாண்டியனைச் சிலம்பில் ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆராயாமல் ஏற்க வசதி செய்துதரும் சட்டம் மீண்டும் ஒரு நாள், பாதுகாப்பின் பெயரால், நம் வாயிலில் வந்து நிற்கலாம். அன்று பூந்தமல்லி நம் நினைவுக்கு வரவேண்டும்.