சீட்டு மேஜையும் 1930-ம் வருஷச் சட்டமும்

போன மாசம் ஒரு சீட்டு மேஜை செய்தேன். எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் அப்பாவும் அவர் வயதுக்காரர்கள் நாலைந்து பேரும் சாயங்காலம் ரம்மி போடுவார்கள். எல்லாரும் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள். ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, முட்டி வலி.

ஓசூரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மெஷின் வந்து இறங்கும் பேலட்டுகள் பழைய மரக்கடையில் கிடைக்கும். முத்திரையை மட்டும் பார்த்து வாங்குங்கள். ‘ஹெச்.டி.’ என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடேற்றி 30 நிமிஷம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். காலும் சட்டமும் பேலட் மரம், மேலே 3 அடிக்கு 3 அடி பிளைவுட், அதன்மேல் மெல்லிய ஃபோம், பச்சைத் துணி. துணி இருந்தால் சீட்டு வழுக்காது, நகத்தால் சுரண்டாமல் எடுக்கலாம்.

மறுவாரமே அசோசியேஷன் பொருளாளர் ஒரு யோசனை சொன்னார். ‘ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கலாம் சார், துணி மாத்த, சீட்டுக்கட்டு வாங்க ஆகும்.’ நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் அன்று ராத்திரி சட்டத்தைத் தேடி எடுத்தேன்.

சென்னை மாகாணம் 1930-ல் போட்ட சூதாட்டச் சட்டம்தான் பெயர் மாறி இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. வடக்கே பிரிட்டிஷ் அரசு 1867-ல் போட்ட பொதுச் சூதாட்டச் சட்டத்தின் சாயல் அதில் நன்றாகவே தெரியும். சூதாட்ட விடுதி என்றால் என்ன? சீட்டு, தாயக்கட்டை, மேஜை போன்ற கருவிகளை ஒருவர் தன் லாபத்துக்காக வைத்திருக்கும் இடம். இடத்துக்கு வாடகை வாங்கினாலும் சரி, கருவிக்குக் கட்டணம் வாங்கினாலும் சரி. 1867 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: சோதனையில் சீட்டு, மேஜை, விரிக்கும் துணி கிடைத்தாலே அது சூதாட்ட விடுதி என்பதற்குச் சாட்சி, இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. நான் ஸ்டேப்ளர் அடித்த துணியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

விதிவிலக்கும் உண்டு. திறமை விளையாட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ரம்மி அதில் சேருமா? செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று யோசிக்கணும், அதனால் முக்கியமாகத் திறமைதான் என்றார். சீட்டுக்கு கிளப் மிதமான கட்டணம் வாங்குவதும் தப்பில்லை. ஆனால் பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து நடத்துபவர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்.

அந்தத் தீர்ப்பு இன்னும் ஓயவில்லை. ஆன்லைன் ரம்மிக்காக 2021-ல் தமிழ்நாடும், ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகமும், சட்டத்தைத் திருத்தின. 2021 ஆகஸ்டில் சென்னையிலும் 2022 பிப்ரவரியில் பெங்களூரிலும் உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. இரண்டிலும் 1967 பேசப்பட்டது. பிறகும் புதுச் சட்டங்கள் வந்தன. அது தனிக் கதை.

எனக்குப் புரிந்தது இதுதான்: சட்டத்தின் கேள்வி ‘என்ன ஆட்டம்?’ என்பதோடு நிற்பதில்லை, ‘யாருக்கு லாபம்?’ என்றும் கேட்கிறது. நான் வக்கீல் இல்லை. பத்து ரூபாய் அந்த 1967 மிதமான கட்டணத்துக்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். ஆனால் எழுபது வயதில் அப்பா அதை யாரிடமும் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பொருளாளரிடம் சொல்லிவிட்டேன்: வசூல் வேண்டாம், துணி கிழிந்தால் நானே மாற்றித் தருகிறேன். சீட்டுக்கட்டு அவரவர் கொண்டு வரட்டும்.