டெல்லி காற்று மாசு: ஒரே நாளில் 494-ம் வந்தது, 1,000-ம் வந்தது... எதை நம்புவது?

2024 நவம்பர் 18. டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு, அதாவது ஏ.க்யூ.ஐ., 494 என்று அறிவித்தது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அதே நாளில் சுவிட்சர்லாந்து நிறுவனமான ஐ.க்யூ.ஏர், 1,000-க்கும் மேல் காட்டியது. அப்போ ரெண்டுல ஒண்ணு பொய்யா? இல்லை. அளவுகோல்தான் வேற.

2015-ல் அறிமுகமான இந்திய அளவுகோல் 500-ல் முடிந்துவிடும். அதுக்கு மேல காற்று எவ்வளவு கெட்டாலும் எண் ஏறாது. ஐ.க்யூ.ஏர் பயன்படுத்துவது அமெரிக்க முறை. அதிலும் 500-ஐத் தாண்டினால் கணக்கை நிறுத்துவதில்லை. வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடுவது, நகரின் பல நிலையங்களில் பதிவான 24 மணி நேர சராசரி. ஆப் காட்டுவதோ அந்த நேரத்து நிலவரம். காலையில் எகிறிய மாசு சராசரியில் கரைந்துபோகும்.

சரி, 500-க்குப் பக்கத்தில் போனால் ஆபத்து என்று எல்லோருக்குமே தெரியும். உண்மையான குழப்பம் கீழேதான் இருக்கிறது.

இந்திய முறையில் பி.எம். 2.5, பி.எம். 10, ஓசோன், ஈயம் உட்பட 8 மாசுகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். அதில் மோசமானது எதுவோ அதுதான் ஏ.க்யூ.ஐ. டெல்லி குளிர்காலத்தில் பெரும்பாலும் அது பி.எம். 2.5. தலைமுடியின் தடிமனில் 30-ல் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள். நுரையீரலின் அடிவரை போய், ரத்தத்திலும் கலக்கக்கூடியது.

ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருக்கிறது என வைத்துக்கொள்வோம். இந்தியக் கணக்கில் அது ஏ.க்யூ.ஐ. 100. பெயர், 'திருப்திகரம்'. அமெரிக்கக் கணக்கில் அதே காற்று 150-ஐத் தாண்டி, 'ஆரோக்கியமற்றது' என்று சிவப்பில் வரும். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்போ வெறும் 15 மைக்ரோகிராம்தான். நாம திருப்தினு சொல்றது அதைவிட 4 மடங்கு!

இந்தியாவின் 60 என்ற வரம்பு 2009-ல் வகுத்தது. ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், வயசானவங்க இருக்கிற வீட்டில் பச்சை நிறத்தை மட்டும் பார்த்து ஜன்னலைத் திறப்பது சரிவராது.

அதனால் ஆப்பைத் திறந்தால் நிறத்தோடு நிறுத்தாதீங்க. உள்ளே தட்டினால் பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும். நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறினாலும் மைக்ரோகிராம் மாறாது.