தண்ணீரில் காரீயம், பாதரசம் இருக்கா? ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும் ரசாயனம்!

டம்ளரில் பார்த்தால் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். வாடை வராது, ருசியும் மாறாது. ஆனால் காரீயமோ பாதரசமோ அதில் அயனியாகக் கரைந்திருக்கலாம். (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற, இது வேற.) கொதிக்க வெச்சாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

இந்தியக் குடிநீர் தரநிலைப்படி ஒரு லிட்டரில் காரீயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாதரசத்துக்கு 0.001 மில்லிகிராம்தான் வரம்பு. இதைத் துல்லியமாக அளக்க ஆய்வகத்தில் விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். கிணற்றடியிலேயே சோதிக்க வழி தேடியபோது உருவானவைதான் ஒளிரும் வேதி உணரிகள்.

எப்படி வேலை செய்கிறது?

ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் சில இடங்கள் மின்னுமே, அதே ஒளிர்வுதான். உணரி மூலக்கூறில் ஒரு பகுதி ஒளிரும், இன்னொரு பகுதி உலோகத்தைப் பிடிக்கும். பிடிக்கிற பகுதி காலியாக இருந்தால், அதிலிருந்து ஒரு எலக்ட்ரான் தாவி ஒளிர்வை அணைத்துவிடும். உலோக அயனி வந்து ஒட்டிக்கொண்டால் எலக்ட்ரான் தாவ முடியாது. உடனே மூலக்கூறு ஒளிரும். அவ்வளவுதான் சூட்சுமம்!

இலங்கையில் பிறந்த வேதியியலாளர் ஏ.பி. டி சில்வா, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வடிவமைப்பை வளர்த்தெடுத்தவர். ரத்தத்தில் சோடியம் அளக்கும் கருவிகளில் இந்த உத்தி ஏற்கனவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

பஞ்சுமிட்டாய் சாயமும் உதவும்

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வரக் காரணமான ரோடமின்-பி நினைவிருக்கிறதா? அதிலிருந்து செய்த நிறமற்ற ஒரு சேர்மம், தாமிர அயனி பட்டதும் இளஞ்சிவப்பாக மாறி ஒளிரும். 1997-லேயே வெளியான ஆய்வு இது. ஆனால் ஒருமுறை மாறினால் மாறியதுதான், திரும்பப் பயன்படுத்த முடியாது.

சிக்கல் எங்கே?

ஒரு உணரி பெரும்பாலும் ஒரு உலோகத்தைத்தான் குறிவைக்கும். தாமிரமும் இரும்பும் பல உணரிகளின் ஒளிர்வை அணைத்துவிடும். அதாவது தண்ணீரில் பாதரசம் இருந்தும், கூடவே இரும்பு இருந்தால் ஒளி வராமல் போகலாம். ஒளி வரலைன்னா தண்ணி சுத்தம்னு முடிவுகட்ட முடியாது! ஆய்வகத்தில் ஜோராக ஒளிரும் பல உணரிகள், கரிமக் கரைப்பான் கலந்தால்தான் வேலை செய்கின்றன. வெறும் தண்ணீரில் சொதப்பிவிடும்.

அதனால் இப்போதைக்கு இவை முதல்கட்ட சோதனைக்குத்தான். சந்தேகம் இருந்தால் தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது, கன உலோகங்களையும் பார்க்கணும்னு தனியாகக் கேளுங்கள். வழக்கமான குடிநீர் பரிசோதனையில் அவை சேராமல் இருக்கலாம்.