முத்துக்குளித்துறையும் மாற்றுத்திறன் மாணாக்கர் கல்வியும்

நூல் கற்பித்தற்கு உரியர் யாவர், உரியரல்லாதார் யாவர் என்பதைத் தமிழ் இலக்கண நூலார் வரையறுத்துள்ளனர். 13 ஆம் நூற்றாண்டினரான பவணந்தியார், நன்னூற் பொதுப்பாயிரத்தில் உரியரல்லாதாரை நிரல்படக் கூறுமிடத்து, கள்வன், சோம்பன் முதலியோரோடு பிணியனையும் மந்தனையும் சேர்த்துள்ளார். அதே பாயிரத்தில், மாணாக்கன் எவ்வகையாற் கொள்ளுவான் என்பதை அறிந்து ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றார். முன்னது மாணாக்கனை அளக்கும் விதி. பின்னது ஆசிரியனை அளக்கும் விதி. இவ்விரண்டனுள் எதனை நாம் கைக்கொண்டு வந்துள்ளோம் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிணியன் என்பதற்கு நோயாளன் என்றே பொருள் கொள்ளப்படுகின்றது. கண்ணிலாரையும் செவி கேளாரையும் அப்பட்டியல் தனித்துச் சுட்டவில்லை என்பது கருதத்தக்கது. எனவே, அவர்களை விலக்கியதற்கு இலக்கணத்தைக் காரணங் காட்டுதல் பொருந்தாது.

இக்கடற்கரை வழங்கும் வரலாறுகளுள் குமரகுருபரர் வரலாறு தலைசிறந்தது. 17 ஆம் நூற்றாண்டில் திருவைகுண்டத்திற் பிறந்த அவர், ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளாற் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர். அருளின் பெருமையைப் பேசும் இவ்வரலாறு, பேசாத அவ்வைந்தாண்டிலும் அக்குழந்தைக்கு யார், எவ்வாறு கற்பித்தனர் என்பதைக் கூறவில்லை. குறை நீங்கிய பின்னரே கல்வி தொடங்கும் என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியதற்கு இத்தகைய வரலாறுகளை நாம் படித்த முறையும் ஒரு காரணமாகலாம்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதே நூற்றாண்டினரும் கழுக்குன்றப் புராணத்தின் ஆசிரியருமாகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணொளி இழந்தவர். முதுகில் எழுத்தை வரைந்து காட்ட, அவர் அதனை உணர்ந்து கற்றார் என்பது செவிவழிச் செய்தி. ஈண்டு மாணாக்கன் மாறவில்லை. கற்பிக்கும் முறையே மாறியது. நன்னூலார் ஆசிரியனுக்கு வகுத்த விதிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

முறை மாற்றத்தை ஒரு நிறுவனமாக ஆக்கியது பாளையங்கோட்டை. 1986 ஆம் ஆண்டுவரை தூத்துக்குடியும் அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் அவ்வூரில், 1890 இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார்; பிரெயில் புள்ளியெழுத்தைத் தமிழுக்கேற்ப அமைத்தார். 1951 இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பெற்றது. முதுகில் வரைந்த எழுத்து ஒருவர்க்கே பயன்பட்டது. தாளிற் புடைத்த எழுத்தோ பலர்க்கும் பயன்பட்டது.

கடல்தொழிலும் ஈண்டு நினைக்கத்தக்கது. கல்லின் துணையால் மூழ்கி முத்தெடுத்தோர் செவிப்பறை நீரழுத்தத்தாற் பழுதுறுதல் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் 1961 உடன் நின்றது. சங்குகுளித்தல் இன்றும் நிகழ்கின்றது. பிறவியால் வருவதே குறை என்று கருதும் ஆசிரியர், தொழிலும் நோயும் விபத்தும் எவரையும் அந்நிலைக்கு ஆளாக்கும் என்பதை இக்கரையிற் கண்கூடாகக் காணலாம்.

சட்டம் இன்று தெளிவாக உள்ளது. 1995 ஆம் ஆண்டுச் சட்டம் 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசுதவி உயர்கல்வி நிறுவனங்களில் அதனை 5 விழுக்காட்டிற்குக் குறையாததாக உயர்த்தியது. தேர்வில் மிகை நேரமும், சொல்வதை எழுதுவோர் துணையும் உரிமைகளாயின. எனினும் சட்டம் மாணாக்கரை வகுப்பின் வாயில்வரை கொணரும். அதற்கு அப்பாற்பட்டது ஆசிரியர் கடமை.

தமிழ்த்துறையினராகிய நமக்கு அக்கடமை தனித்தன்மை உடையது. யாப்பினைக் கரும்பலகையில் அசை பிரித்து எழுதிவிட்டு, ‘இது நேர், இது நிரை’ என்று சுட்டுவோமாயின், பார்வையற்ற மாணாக்கர்க்கு அது பயன்படாது. சீரை வாய்விட்டுச் சொல்லிப் பிரித்தல் வேண்டும். செவி கேளாதார்க்கோ ஓசையைச் சொல்லி விளக்குதல் இயலாது. எழுத்தெண்ணியும் குறியிட்டும் காட்டல் வேண்டும். பலகையை நோக்கிப் பேசும் ஆசிரியரின் உதட்டசைவை அவர் காண்டல் அரிது. ஆகவே, ஒருவர்க்கு ஏற்ற முறை மற்றவர்க்கு ஏலாது என்பது தெளிவு. பழைய பதிப்புகளைப் படமாக்கி வழங்குகின்றோம். எழுத்தாக மாற்றப்படாத படத்தைத் திரைபடிப்பி படிக்காது. 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்ற பின்னரும், பழைய எழுத்துருவிலேயே பாடக்குறிப்பு வழங்கும் வழக்கம் நம்மிடை முற்றும் ஒழியவில்லை. ஓர் ஆசிரியர் தம் குறிப்பை ஒருங்குறியில் தட்டெழுதுதல் பெருஞ்செலவுடைய பணியன்று. அதனைச் செய்யாமையால் ஒரு மாணாக்கர் ஒரு பருவம் முழுவதும் பிறர் படித்துக் காட்டுதலை எதிர்நோக்கி நிற்கின்றார்.

இவற்றால், நம் மரபில் விலக்கும் விதியும் ஏற்கும் விதியும் ஒருசேர உள்ளமை பெறப்படுகின்றது. முன்னதைப் பட்டியலாகவே மனப்பாடஞ் செய்தோம். பின்னதைத் தேர்வு வினாவாகவே வைத்தோம். பொதுப்பாயிரம் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும், அவ்வகுப்பில் அமர்ந்திருப்போர் கொள்ளும் வகை யாது என்று முதலில் வினவுதல், இலக்கணம் நம்மீது சுமத்திய கடன் என்க.