ஒத்திகையற்ற மேடை: ஸ்பெஷல் நாடக நோட்டீசும் மூத்த வாத்தியக்காரர்களும்

ஜவ்வாது மலையடிவாரத்துப் போளூர், செங்கம் வட்டாரங்களில் பாரத விழாக்களுக்குச் செல்லும் தெருக்கூத்து ஜமாவை, அதாவது ஒரு வாத்தியாரின் தலைமையில் பருவம் முழுவதும் சேர்ந்தே ஊர்சுற்றும் குழுவை, உயிருள்ள மரபின் அளவுகோலாகக் கொள்ளும் ஆய்வுப்போக்கு ஒன்று உண்டு. அந்த அளவுகோலை மதுரை, புதுக்கோட்டை வட்டார ஸ்பெஷல் நாடகத்தின் மீதும் வைத்து, நடிகர்களையும் வாத்தியக்காரர்களையும் ஓரிரவுக்கெனத் தனித்தனியே பேசி வரவழைக்கும் இம்முறை, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் நிலையான குழுக்கள் நடத்திய கம்பெனி நாடகம் உடைந்து சிதறியதன் எச்சமே என்று அப்போக்கு முடிவுகட்டுகிறது. இம்முடிவுக்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படும் நாடக நோட்டீசே அதற்கு எதிராகப் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோட்டீசை வைத்து எழுப்பப்படும் வாதம் எளிதானது. 1920களின் நோட்டீசுகளில் கம்பெனியின் பெயர், கொட்டகை, கதையின் சிறப்பு, வகுப்புவாரியான கட்டணம் ஆகியவை முன்னிற்க, பிற்கால நோட்டீசுகளில் அவையெல்லாம் பின்வாங்கி, நடிகர்களின் புகைப்படங்களும் அடைமொழிகளும் தாளை நிறைக்கின்றன; ஆகவே கூட்டுக்கலை தனிநபர் விளம்பரமாகச் சுருங்கிவிட்டது என்பர். மாற்றம் நிகழ்ந்தது மெய்யே. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பொருந்தவில்லை.

கட்டணம் மறைந்ததற்குக் காரணம், நாடகம் கொட்டகையை விட்டுக் கோயில் திருவிழாவுக்கு வந்து, ஊரார் வரி வசூலித்து நடத்த, எவரும் இலவசமாகக் காணும் நிகழ்வாக மாறியதாகும். கதைச்சுருக்கம் மறைந்ததற்கும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளி திருமணமோ பவளக்கொடியோ எதைப் பற்றியது என்று அவ்வூர்ப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. இவற்றைவிட முக்கியமானது, பெயரை ஒட்டி அச்சாகும் ஊர்ப்பெயராகும். நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் இன்னோர் ஊர் என்று விரியும் அவ்வரிசையில் ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எனப்படும் பலவகைத் தாளக்கருவித் தொகுதி ஆகியவற்றை வாசிப்போரும் இடம்பெறுகின்றனர். தனிநபர் புகழை மட்டுமே விற்கும் தாளுக்கு மிருதங்கக்காரரின் பெயர் எதற்கு? அன்றிரவு யார் யாரோடு சேர்கிறார் என்பதை அறிந்து மதிப்பிடத்தக்க பார்வையாளர் இருந்தாலொழிய அந்த வரிசைக்குப் பொருளில்லை. அவ்வகையில் நோட்டீஸ் ஒரு கூட்டின் ஆவணமாகிறது.

இயக்குநரும் ஒத்திகையும் இல்லாத அம்மேடையில் கூட்டைத் தாங்குவது வாத்தியக்குழு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, சில வேளைகளில் மேடையிலேயே முதன்முறை சந்திக்கும் வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே தர்க்கம், அதாவது பாட்டும் வசனமுமாக அந்த இடத்திலேயே வளரும் வாக்குவாதம், நெடுநேரம் நீள்கிறது. யார் எந்தப் பாட்டை எடுத்தாலும் அவரவர் சுருதிக்குப் பிடித்துக் கொடுத்துப் பின்பாட்டும் பாடும் ஹார்மோனியக்காரரின் நினைவில் மொத்தப் பாடல் தொகுதியும் இருந்தாக வேண்டும். அந்நினைவு ஆண்டுக்கணக்கான மேடைகளில் திரள்வதாதலால், இம்முறையில் முதுமை ஒரு தகுதியாகிறது. கம்பெனி செய்த பணியை மூத்த வாத்தியக்காரர்கள் தம் உடலிலேயே சுமக்கின்றனர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் இதற்கு நெருங்கிய இணை கிடைக்கிறது. ஹார்ஸ்ட் லிப்மன், ஃபிரிட்ஸ் ராவ் என்னும் ஜெர்மானிய அமைப்பாளர்கள் 1962இல் தொடங்கிய ‘அமெரிக்கன் ஃபோக் புளூஸ் ஃபெஸ்டிவல்’ என்னும் ஐரோப்பியச் சுற்றுப்பயணம், நிலையான குழு எதையும் அழைத்துச் செல்லாமல் கலைஞர்களைத் தனித்தனியே திரட்டியது. 1920களிலேயே இசைத்தட்டுகள் வெளியிட்ட லானி ஜான்சனும் விக்டோரியா ஸ்பைவியும், அதற்குப் பிந்தைய சிகாகோப் பாணியின் மட்டி வாட்டர்சும் 1963இல் ஒரே பயணத்தில் இணைந்தனர். பாஸ் வாசித்த வில்லி டிக்சன், பியானோ வாசித்த மெம்பிஸ் ஸ்லிம் போன்றோர் பலருக்கும் பொதுவான பக்கவாத்தியமாக நின்றதால்தான் வெவ்வேறு தலைமுறையினரும் வட்டாரத்தினரும் ஒரே மேடையில் பாட முடிந்தது. அப்பயணத்தை ஐரோப்பியரின் கற்பனை ஏக்கம் உருவாக்கிய காட்சி என்று கூறுவோர் உண்டு. அழைத்தவரின் நோக்கம் எதுவாயினும் மேடையில் இசை இயங்கிய விதம் அதனால் மாறிவிடாது. திருவிழாக் கூட்டமும் ஐரோப்பிய அரங்கும் ஒன்றல்ல என்ற மறுப்பும் இங்குப் பொருட்டன்று, ஏனெனில் ஒப்பிடப்படுவது மேடைக்கு உள்ளிருக்கும் அமைப்பே.

நோட்டீஸ் தரும் வாக்குறுதியை நடந்தேறிய நிகழ்வாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. அச்சான பெயருக்குரியவர் வராமல் வேறொருவர் ஏறியிருக்கக்கூடும். எந்த ஓர் இரவையும் நோட்டீஸ் மட்டும் மெய்ப்பித்துவிடாது. எனினும் கடைசி நேரத்தில் ஆள் மாறினாலும் நாடகம் நடக்கும் என்பதே இம்முறையின் உறுதிக்குச் சான்றாகுமேயன்றிச் சிதைவுக்குச் சான்றாகாது. ஜமா ஒரு வகைக் கூட்டு, ஸ்பெஷல் நாடகம் மற்றொரு வகைக் கூட்டு. முன்னதன் இலக்கணத்தால் பின்னதைப் பிழையென்று தீர்ப்பது நியாயமாகாது.

நோட்டீசுகளைத் திரட்டிப் பட்டியலிடும் நூலகங்களும் ஆய்வாளர்களும் நாடகத்தின் தலைப்போடும் ராஜபார்ட்டின் பெயரோடும் நின்றுவிடாமல், ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்ட் வாசிப்பவர் ஆகியோரின் பெயரையும் ஊரையும் தனித்தனிப் பதிவாகக் குறித்துவைக்க வேண்டும்.