பள்ளிச் சாளரமும் பைன் கூம்பும்: ஆற்றல் சிக்கன வடிவமைப்பு குறித்த வரலாற்று நோக்கு

முன்னுரை

வகுப்பறைச் சாளரம் முரண்பட்ட இரு பணிகளை ஏற்றுள்ளது. ஒளியையும் காற்றையும் அது உள்ளே விட வேண்டும். வெப்பத்தைப் பருவத்திற்கேற்பக் காக்கவோ தடுக்கவோ வேண்டும். ஐரோப்பியக் கட்டடக் கலை இம்முரணை எதிர்கொண்ட வரலாற்றை ஆராயும் இக்கட்டுரை, சாளரத்திற்கு இயற்கை வழங்கியது உருவமன்று, செயல்நெறியே என நிறுவ முயல்கிறது.

கண்ணாடிச் சுவர்கள்

1930-இல் ஆம்ஸ்டர்டாமில் யான் டௌக்கர் வடிவமைத்த திறந்தவெளிப் பள்ளியில் பெருஞ்சாளரங்களே பெரும்பாலும் சுவர்களாயின. காசநோய் அச்சம் நிலவிய அக்காலத்தில் வெயிலும் காற்றும் மருந்தாகக் கருதப்பட்டன. வெப்ப இழப்பு முதன்மைக் கவலையாக இருக்கவில்லை.

1961-இல் இங்கிலாந்தின் வாலசியில் எம்ஸ்லி மார்கன் வடிவமைத்த செயின்ட் ஜார்ஜ் பள்ளி அக்கவலையையே மையமாக்கியது. தெற்கு நோக்கிய இரட்டைக் கண்ணாடிச் சுவர் வழி வந்த வெயிலும், விளக்குகளின் வெப்பமும், மாணவர்களின் உடற்சூடுமே வகுப்பறைகளைப் பெரிதும் வெதுவெதுப்பாக்கின. ஒருபுறம் கருமையும் மறுபுறம் பளபளப்பும் கொண்ட பலகைகள் பருவத்திற்கேற்பத் திருப்பத்தக்கனவாக அமைந்தன. எனினும், வெப்பத்தைக் காக்கக் குளிர்காலக் காற்றோட்டம் குறைக்கப்பட்டது. பலகையைத் திருப்ப மனிதக் கையும் தேவைப்பட்டது.

கூம்பின் செயல்நெறி

தானே இயங்கும் மறைப்புக்கான வழியைத் தாவரவியல் காட்டியது. பைன் கூம்பு விரியும் முறையை டாசன், வின்சென்ட், ரோக்கா ஆகியோர் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினர். செதிலின் ஈரடுக்குகளுள் வெளியடுக்கு ஈரத்தில் மிகுதியாக நீள்கிறது, உலர்கையில் சுருங்குகிறது. அதனால் செதில் வெளிநோக்கி வளைகிறது. இதைச் செய்வது உயிரற்ற திசுவே.

இந்நெறியைப் பின்பற்றி ஃப்ரைபர்க், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செல்லுலோசு கலந்த பொருளில் முப்பரிமாண முறையில் அச்சிட்ட செதில்களை, ஃப்ரைபர்க் பல்கலைக்கழக வளாகக் கட்டடமொன்றின் கூரைச் சாளரத்தில் பொருத்தினர். ஈரமான குளிர்காலத்தில் அவை சுருண்டு வெயிலை உள்ளே விடுகின்றன. உலர்ந்த கோடையில் தட்டையாகி நிழல் தருகின்றன. மின்விசை தேவையில்லை. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது: கூம்பு உலர்ந்தால் திறக்கிறது, இச்சாளர மறைப்போ உலர்ந்தால் மூடுகிறது. நெறி ஒன்று, பயன் நேர்மாறு.

முடிவுரை

மைய ஐரோப்பாவில் குளிரும் ஈரமும் இணைந்து வருவதாலேயே இவ்வமைப்பு பொருந்துகிறது. கடும் வெயிலிலும் காற்றில் ஈரம் மிக்க கடலோரப் பள்ளியில் இதே செதில் திறந்தே நின்று வெப்பத்தை உள்ளே விடக்கூடும். ஆகவே அயலக மாதிரியை அப்படியே பெயர்த்து நடாமல், அவ்விடத்துத் தட்பவெப்பத்திற்கேற்ற செயல்நெறியைத் தேர்வதே பள்ளிக் கட்டட ஆய்வின் கடமையாகும்.