விழும்போது மயங்கிவிடுவோமா?

உயரத்திலிருந்து விழுந்தால் பாதி வழியிலேயே மயக்கம் வந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு விமானத்துறையில் இருந்தவர்களே பலர் இதை நம்பினார்கள்.

மயங்கியவரால் பாராசூட்டைத் திறக்க முடியாது அல்லவா? அதனால் பாராசூட்டை ஒரு கயிற்றால் விமானத்தோடு கட்டினார்கள். விமானி குதித்ததும் கயிறு அதை இழுத்துத் திறக்கும். ஆனால் சுழன்று விழும் விமானத்தில் அந்தக் கயிறு சிக்கிக்கொண்டால் உயிர் போய்விடும்.

1919 ஏப்ரல் 28. அமெரிக்காவின் டேட்டன் நகரில், மெக்குக் விமானத்தளத்துக்கு மேலே சுமார் 1,500 அடி உயரத்தில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்தார். விமானத்தோடு கட்டிய கயிறு இல்லை. விழுந்துகொண்டே தன் கையால் பிடியை இழுத்தார், பாராசூட் விரிந்தது. தரையில் இறங்கியபோது கணுக்கால் உடைந்தது. நினைவு மட்டும் தப்பவே இல்லை.

1922 அக்டோபரில் அதே நகரின் வானில் ஹரோல்ட் ஹாரிஸ் ஓட்டிய ராணுவ விமானம் பயங்கரமாக அதிர்ந்து உடையத் தொடங்கியது. அவர் குதித்தார். அவசரத்தில் முதலில் வேறு எதையோ பிடித்து இழுத்தார். பிறகு சரியான பிடியைத் தேடி இழுத்து உயிர் பிழைத்தார். மயங்கியவரால் அப்படித் தேட முடியுமா?

காரணம் எளிது. விழும் வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடும். வயிறு கீழ்நோக்கி விழுபவரின் வேகம் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டரில் நின்றுவிடும். அந்த வேகத்தில் மூச்சும் விடலாம், யோசிக்கவும் செய்யலாம்.

பொறியியல் படித்த எனக்கு இர்வினின் துணிச்சலைவிட அந்தப் பழைய கயிறுதான் அதிகம் நினைவில் நிற்கிறது. யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கைக்காகக் கட்டிய கயிறு அது.